பிளாங்கும் பிளைண்டும்

இந்த வாரம் எழுதப்போவதை எழுதாமலே தொடரை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கப்பலில் வந்ததை எழுதினேன். கோவேறு கழுதைகளுக்குக் கொள்ளு வேகவைத்ததை எழுதினேன். பிரிக்பீல்ட்ஸ் சூளைப் புகையில் காயப்போட்ட வேட்டி கறுத்துப்போனதைக்கூட எழுதினேன். "பெரியவரே, உங்கள் சம்சாரத்தைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லையே" என்று வாசகர்கள் சிலர் கேட்டார்கள்.

எழுதத்தான் உட்கார்ந்தேன். பிள்ளையார் சுழி போட்டு, செல்லம்மா என்று பெயரும் எழுதி, அதற்கு மேல் கை ஓடாமல் தாளை மடித்து வைத்துவிடுவேன். இப்படியே வருஷக்கணக்காகப் போய்விட்டது. நாலாங்கிளாஸோடு நின்றவன் நான். சொல் கிடைக்காமல் தயங்கினேன் என்று நினைக்க வேண்டாம். உயிரோடு இருக்கும் ஒரு மனுஷரை நினைத்துத் தயங்கினேன். அவரே இப்போது எழுதச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமைப் பாடம்

ஒரு சனிக்கிழமை மத்தியானம். பீரங்கிக் கொட்டகையின் தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று முறிகிறது. உள்ளே கிரீஸ் வாசம், பித்தளை துடைக்கிற மருந்து வாசம். நான் விளக்குமாற்றோடு ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

பெஞ்சுகளில் பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டத்துச் சின்னதுரைகள், ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள். மடிப்புக் கலையாத காக்கி அரைக்கால் சட்டை. சார்ஜன் துரை கையில் பிரம்போடு பீரங்கியின் ஒவ்வொரு உறுப்பையும் தட்டித் தட்டிப் பெயர் சொல்கிறார். கடைசியில் மூலையில் சுருட்டி வைத்திருக்கும் சிவப்புக் கொடியை எடுத்து விரிக்கிறார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இந்தப் பாடத்தில் வரும் சில சொற்கள் தெரியும். ரெட் பிளாக். டமில் உமன். கிராஸ், அதாவது புல். பிறகு அவர் இரண்டு கையையும் விரித்து, "பூம்" என்பார். ஒருவர் இருவர் சிரிப்பார்கள். அவர் கொடியைச் சுருட்டி வைப்பார். பாடம் முடியும்.

சிவப்புக் கொடி பறக்கும்போதே புல்லறுக்கப் போய்ச் செத்த தமிழச்சியின் கதை அது. புது ஆட்கள் சேரும்போதெல்லாம் சொல்வார்கள். கொடியை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம்.

அந்த டமில் உமன் என் பெண்டாட்டி.

பெருக்குவதை நிறுத்தமாட்டேன். நிறுத்தினால், ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள்.

சண்டைக்குப் போன பட்டாளம்

இந்தப் பட்டாளம் எப்போதும் இப்படிப் பள்ளிக்கூடமாக இருக்கவில்லை. ஜெர்மன் சண்டைக்கு முன்னால் வேறு ஒரு பட்டாளம் இருந்தது. வடக்கத்திய சிப்பாய்கள், பஞ்சாபிக்காரர்கள். மலைப் பீரங்கியைக் கழற்றித் துண்டு துண்டாகக் கழுதைகள்மேல் ஏற்றிக் காட்டுவழியில் போவார்கள். குழலே இரண்டு துண்டு. திருகிச் சேர்க்க வேண்டும். முன்பாதியைச் சுமக்கும் கழுதைக்கு ராணி என்று பெயர். கையில் வெல்லம் இல்லாமல் பக்கத்தில் போனால் காலைத் தூக்கிவிடும்.

ராணியை ஓட்டியவர் வீராசாமி. செல்லம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், என் மச்சான். லாயத்தில் எனக்கு வேலை வாங்கிக்கொடுத்ததும், தங்கையை எனக்குக் கட்டிவைத்ததும் அவர்தான்.

அங்கே உத்தரவெல்லாம் இந்துஸ்தானியில். எங்களுக்குக் காதில் விழுந்து விழுந்தே பழகிவிட்டது. குண்டு வைக்காமல் வெறும் வெடிமருந்தை மட்டும் வெடித்தால் 'காலி' என்பார்கள். அது நம் ஊரிலும் புழங்குகிற சொல்தானே. போய் விழுந்தும் வெடிக்காமல் கிடக்கும் குண்டுக்கு வேறு பெயர் சொல்வார்கள். அது எனக்கு மறந்துபோய்விட்டது. ஆனால் காலி என்ற சொல்லோடு கொஞ்சமும் ஒட்டாத பெயர் என்பது மட்டும் நினைவிருக்கிறது. செவிடனுக்குக்கூடக் குழம்பாது.

சண்டை முடிந்து அந்தப் பட்டாளத்தைக் கலைத்தார்கள். சிப்பாய்கள் கப்பலேறிப் போனார்கள். பெரிய மீசை வைத்த ஹவில்தார் ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுததை மச்சான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கும்போது அவருக்கும் கண் கலங்கும்.

பிறகு கோலாலம்பூரில் தொண்டர் பட்டாளம் ஒன்று ஆரம்பித்துப் பீரங்கிகளைக் கொடுத்தார்கள். கழுதைகளுக்குப் பதிலாக லோரி வந்தது. இந்தப் பட்டாளம் எந்தச் சண்டைக்கும் போகவில்லை. சொல்லிக்கொடுப்பதுதான் அதற்கு வேலை. வாரம் முழுக்கப் பீரங்கி படுதாவுக்குள் தூங்கும். சனிக்கிழமை பாடம். ராஜா பிறந்தநாளுக்குத் திடலில் மரியாதை வெடி. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாலாக் பக்கம் ஈயம் எடுத்துக் கைவிட்ட மணல்காட்டில் நிஜக் குண்டு போட்டுப் பழகுவார்கள்.

நான் கொட்டகை பெருக்குகிறவனானேன். மச்சான் கொடிக்காரரானார். மணல்மேட்டில் நின்று, சுடும்போது சிவப்புக் கொடியை ஏற்றுவதும் முடிந்ததும் இறக்குவதும் அவர் வேலை.

உத்தரவு இப்போது இங்கிலீஷில். வெறும் மருந்து வெடித்தால் 'பிளாங்க்'. வெடிக்காமல் கிடக்கும் குண்டு 'பிளைண்ட்'. பிளாங்க் என்றால் ஆபத்தில்லை, உடனே கொடியை இறக்கலாம். பிளைண்ட் என்றால் இறக்கவே கூடாது. அந்தக் குண்டைத் தேடிப் பிடித்து, கிடந்த இடத்திலேயே வெடிக்கவைக்கும் வரைக்கும் கொடி பறக்க வேண்டும்.

இதை எங்களை உட்காரவைத்து யாரும் சொல்லவில்லை. பாடம் பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு. கொடிக்காரருக்குப் பெஞ்சு கிடையாது.

தாலியைப் பிடித்த பெண்கள்

கொஞ்சம் செல்லம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல இடமிருக்காது.

ராஜா பிறந்தநாள் அன்று நாங்கள் குடியிருந்த கூலி லயத்துப் பெண்கள் எல்லோரும் மஞ்சள் பூசி, பூ வைத்து, திடலுக்கு வேடிக்கை பார்க்க வருவார்கள். பீரங்கி முழங்கும்போது ஒவ்வொருத்தியும் காதைப் பொத்தமாட்டாள், தாலியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. ஒவ்வொரு முழக்கத்துக்கும் வரிசையாகக் கைகள் நெஞ்சுக்குப் போய் இறங்கும்.

செல்லம்மா மட்டும் பிடிக்கமாட்டாள். இடுப்பில் எங்கள் மகள் ராஜத்தை வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

"ஏண்டி, வெத்து வெடிக்கு எதுக்குத் தாலியப் புடிக்கிறீங்க? எங்கண்ணன் சொன்னாரு, இது பிளாங்குடி, பிளாங்கு. உள்ள ஒண்ணும் இல்ல."

"உனக்கென்ன, பட்டாளத்துக்காரி. நாங்க பயந்தவளுங்க" என்பாள் பக்கத்துவீட்டு மாரியாயி.

"பயந்தா உம் புருஷனப் புடிச்சுக்கோ. தாலியப் புடிச்சா அது என்ன செய்யும்?"

அந்த லயத்திலேயே அந்த இங்கிலீஷ் சொல்லைத் தைரியமாகச் சொன்ன பெண் அவள் ஒருத்திதான். பிளாங்கு. வாய் நிறையச் சொல்வாள்.

எங்களிடம் ஒரு பசு இருந்தது. மணல்காட்டுக் குட்டையோரம் புல் நன்றாக முளைக்கும். சுடாத நாளில் அங்கே போய் அறுப்பாள். சுடுகிற நாளில் மேட்டடியில் அண்ணன் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பாள். கொடி இறங்காமல் ஒருநாளும் காலெடுத்து வைத்தவள் இல்லை. இதை முருகன் சந்நிதியில் சூடம் அணைத்தும் சொல்வேன்.

அந்த ஞாயிறு

அதற்கு முந்தைய வாரம் அதே மணல்காட்டில் மரியாதை வெடிக்கு ஒத்திகை நடந்தது. வெடித்து முடிந்ததும் சார்ஜன், குட்டைக்கு இந்தக் கரையிலிருந்து தகரக் குழலை வாயில் வைத்து, "பிளாங்க்! ஆல் பிளாங்க்!" என்று கத்துவார். மச்சான் கொடியை இறக்குவார். அந்தச் சொல் அவர் காதிலேயே குடியிருந்தது.

அந்த ஞாயிறு நிஜக் குண்டு. சாயங்காலம் சுட்டு முடிந்தது. நான் வெந்நீர் ஊற்றிப் பீரங்கிக் குழலைக் கழுவிக்கொண்டிருந்தேன். கறுப்புத் தண்ணீர் மணலில் ஓடியது. ஒரு குண்டு வெடித்த சத்தம் வரவில்லை என்று துரைமார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சார்ஜன் தகரக் குழலை எடுத்தார். நல்ல காற்று. குட்டைத் தண்ணீர் சலசலத்தது.

"ஒன் பிளைண்ட்! ஒன் பிளைண்ட்!"

கத்திவிட்டுத் திரும்பிப் பெட்டிகளை ஏற்றச் சொன்னார். மற்றவர்களும் லோரிப் பக்கம் திரும்பினார்கள். நான் ஒருவன்தான் மேட்டுப் பக்கம் பார்த்தபடி குனிந்திருந்தேன். கொடி இறங்கிற்று. அன்று கிருத்திகை. மச்சான் கோயிலுக்குப் போக அவசரப்படுகிறார் என்று நினைத்தேன். அந்த இரண்டு சொல்லும் வேறு வேறு என்று எனக்கும் அப்போது தெரியாது.

கொஞ்ச நேரத்தில் குட்டைக்கு அந்தப் பக்கம் பெரிய சத்தம். மணல் எழும்பி விழுந்தது. லோரிப் பக்கமிருந்து ஒரு சின்னதுரை தொப்பியைத் தூக்கி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வெடிக்காமல் கிடந்தது தானாக வெடித்துவிட்டது என்ற சிரிப்பு. அவர்கள் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

அப்புறம் மச்சானின் குரல் கேட்டது. அது குரல் மாதிரியே இல்லை.

அங்கே கண்டதை எழுதமாட்டேன். பசும்புல் அறுத்த வாசமும் மருந்து வாசமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. இன்றைக்கும் யாராவது புல் அறுத்தால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்துபோவேன். அன்று சாயங்காலம் வீட்டில் பசு புல்லுக்காகக் கத்திக்கொண்டே இருந்தது. கொட்டிலுக்குப் போக எங்களில் ஒருவருக்கும் கால் வரவில்லை.

ரெண்டும் வேறயா?

விசாரணை என்று ஒன்று நடந்தது. கொடி இறங்கியதைப் பார்த்தேன் என்று சொல்லப் போனேன். ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, வாசலிலேயே மறித்தார். "நீ அவ புருஷன். உன் சாட்சி எடுபடாது. போய்க் காரியத்தைப் பாரு."

கருமாதி அன்று ஆற்றங்கரையில், மொட்டைத் தலையோடு நின்ற என் காலடியில் மச்சான் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, என்னை அடிங்க."

"என்ன மச்சான் இது, எந்திரிங்க."

"கொடி ஏறித்தான் இருந்துச்சுன்னு சொல்லிட்டேன் மாப்ளே. எறங்கியிருந்துச்சுன்னு சொன்னா உனக்குக் கயிறுதான்னு கிராணி சொன்னாரு. புள்ளைங்க முகம் தெரிஞ்சுச்சு. சொல்லிட்டேன்."

ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"அவ என்னைக் கேட்டா மாப்ளே. 'அண்ணே, போகலாமா'ன்னு கேட்டா. 'போ தாயி, பிளாங்காம்'னு நாந்தான் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போனா."

"தொரை சொன்னது பிளைண்டு மச்சான்." அதற்குள் எனக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது. லோரி டிரைவர் சொல்லியிருந்தார்.

மச்சான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டும் வேறயா?"

அவர்மேல் கோபப்படப் பார்த்தேன். கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருப்பேன்.

அவர் வீட்டில்தான் ராஜம் வளர்ந்தாள். அவர் பெண்சாதி ஊட்டிய சோறுதான் அவள் உடம்பு. அந்த வீட்டுக்காரரை எந்த வாயால் காட்டிக்கொடுப்பேன்? அதனால் செல்லம்மாதான் குற்றவாளியானாள். செத்தவளுக்கு வேலை போகாது, ஜெயில் கிடையாது என்று ஊரும் ஆபீஸும் சேர்ந்து முடிவு செய்த மாதிரி ஆயிற்று.

மச்சான் அதன் பிறகு கோயிலில் குங்குமம் வாங்குவதில்லை. குருக்கள் நீட்டினால் கையை இழுத்துக்கொள்வார். திருநீறு மட்டும்.

கிள்ளான் ரயில் கேட்

ராஜம் சிறுமியாக இருந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டாள். "அம்மா ஏம்ப்பா கொடியப் பாக்கல?" பார்த்தாளம்மா என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது. அடுப்படியில் மச்சான் குனிந்து விறகு தள்ளிக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டேன்.

அவளை இப்போது கிள்ளானில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். போன மாதம் பார்க்கப் போனேன். மச்சானும் கூட வந்தார். ராஜத்தோடு பாசாருக்குச் சாமான் வாங்கப் போய்த் திரும்பும்போது ரயில் கேட் மூடியிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. முன்னால் நின்ற ஒருத்தியின் குழந்தை கையை உதறிக்கொண்டு ஓடப் பார்த்தது. அவள் வெடுக்கென்று இழுத்து அதன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"செவப்பு எரியுது, கண்ணு தெரியல? செல்லம்மா ஆயிடாதே!"

அவளுக்கு நாங்கள் யாரென்று தெரியாது. அந்தப் பெயர் யாருடையது என்றும் தெரியாது. எங்கள் லயத்தில் சொல்ல ஆரம்பித்த பேச்சு. ரயில்வே ஆட்களோடு கிள்ளான் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கண்மூடித்தனமாகப் போகிறவளுக்கு என் செல்லம்மாவின் பெயர்.

ராஜம் கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்படியே நின்றாள். ரயில் போய், கேட் திறந்து, எல்லோரும் கடந்து போனார்கள். நாங்கள் மூவரும் கடக்கவில்லை.

அங்கேயேதான் மச்சான் சொன்னார். "உங்கம்மா பாத்தாம்மா. நல்லாப் பாத்தா. நாந்தான் எறக்கினேன்."

ராஜம் அழவில்லை. "இத்தனை வருஷமா மாமா?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. என்னோடும் பேசவில்லை. நாங்கள் கிளம்பும்போது கோப்பி வைத்துக் கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

ரயிலில் மச்சான் சொன்னார்: "எழுதிருங்க மாப்ளே. அதுக்கு முன்னாடி அந்த சார்ஜன்கிட்டப் போவோம். பாடத்தையாவது மாத்தட்டும்."

சார்ஜன் சொன்னது

போனோம். இப்போதிருக்கும் சார்ஜன் அன்றைக்கு இருந்தவர் இல்லை. நல்ல மனுஷர். நாற்காலி போடச் சொன்னார். எங்களுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது பாசார் மலாய்தான். அதில் மச்சான் கையைக் கூப்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். கொடியை இறக்கியது நான், பொய் சொன்னது நான், என் தங்கைமேல் தப்பில்லை.

சார்ஜன் வெகுநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுடா லாமா" என்றார். ரொம்பக் காலமாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு சொன்னார்: "நீங்கள் சொல்வது நிஜமாகவே இருக்கட்டும். கொடி இறங்கின பிறகும் ஒருத்தி செத்தாள் என்று நான் சொல்லிக்கொடுத்தால், அப்புறம் எவன் கொடியை நம்புவான்? இந்தக் கதையைக் கேட்டுப் பையன்கள் பயப்படுகிறார்கள். பயந்தால்தான் பிழைப்பார்கள்."

"அப்படியானா கொடிக்காரருக்காவது அந்த ரெண்டு சொல்லையும் பிரிச்சுச் சொல்லிக்கொடுங்க துவான்" என்றேன் நான்.

"கொடிக்காரர் பட்டாளத்தில் சேர்ந்தவர் இல்லையே. கூலி ஆள். அவருக்குப் பாடம் கிடையாது."

வெளியே வந்தோம். புதுக் கொடிக்காரர் கொட்டகை நிழலில் கொடியைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். சாலாக்கிலிருந்து வருகிறவர். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. அவர் பெண்சாதியும் குட்டையோரம் கீரை பறிக்க வருகிறாளாம்.

"தம்பி, பிளைண்டுன்னா என்னப்பா?" என்று கேட்டேன்.

"என்னண்ணே, இத்தனை வருஷம் இங்க இருந்துக்கிட்டு என்னையக் கேக்குறீங்க? வெத்து வெடி. உள்ள ஒண்ணும் இருக்காது."

"அப்ப பிளாங்கு?"

அவர் கொடியை உதறிக் கொடிக்கயிற்றில் போட்டார். சிவப்புத் தண்ணீர் சொட்டியது.

"ரெண்டும் ஒண்ணுதான் லா. தொரைங்க வாயில ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வரும்."

மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றில் குண்டு இல்லை, ஒன்றில் குண்டு இருக்கிறது என்று மறுபடி மறுபடி சொன்னார். அவர் சரி சரி என்று தலையாட்டினார். கிழவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்பதுபோல என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நாங்கள் தெருவுக்கு வரும்போது பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

கேட்டுக்கொள்வது

தினமும் விளக்கேற்றுகிறேன். முருகா என்கிறேன். மனசு ஆறவில்லை. அவன் கையிலும் ஆயுதம்தான் இருக்கிறது, அவனுக்கு நான் சொல்வது புரியும் என்று முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை. வரும் சனிக்கிழமையும் பாடம் உண்டு. நான் பெருக்க வேண்டும்.

படிக்கிறவர்கள் இதை வேறு யாருக்காவது சொல்வதானால், நான் எழுதினபடியே சொல்லுங்கள். அவளைத் தெய்வமாக்க வேண்டாம். மச்சானை ராட்சசனாக்க வேண்டாம். விதி என்று ஒரு சொல்லைப் போட்டு முடித்துவிடவும் வேண்டாம். கிள்ளானில் ஒருத்தி குழந்தையை அதட்டுவதைக் கேட்டால், அவளிடமும் சொல்லுங்கள்.

செல்லம்மா கொடியைப் பார்த்தாள். கொடி இறங்கியிருந்தது.